முனாஸ் பின்சீட்டில் ஏறிய நாள்

காத்தான்குடியில் பழைய வாகனம் வாங்க நினைப்பவர் முதலில் காசைத் தேடுவதில்லை, முனாஸைத் தேடுவார். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன், ஆனாலும் பொய்யில்லை. வாகனப் புகைச் சோதனை நிலையத்தில் முனாஸுக்குப் பதினெட்டு வருச வேலை. புகைக்குழாய்க்குள் மெஷினின் குழாயைச் செருகுவார், ஆக்சிலேற்றரை மிதிக்கச் சொல்வார், கணினித் திரை காட்டும் எண்ணைப் பார்த்துப் பத்திரம் அடித்துக் கொடுப்பார். அந்தப் பத்திரம் இல்லாமல் வருசாந்த லைசன் எடுக்க முடியாது. லைசன் இல்லாமல் ஓடினால் றோட்டில் மறிப்பார்கள். ஆகவே ஊரில் நாலு சில்லு வைத்திருந்த எல்லாரும் வருசத்தில் ஒரு தரமாவது முனாஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள்.

இப்படிப் பதினெட்டு வருசம் பார்க்கப்பட்டால் எந்த முகத்திலும் கொஞ்சம் பெருமை ஏறத்தான் செய்யும். வாகனம் பார்க்க அவரைக் கூட்டிப்போனால் அவர் சொன்னதுதான் சட்டம். விடியச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு, சொல்லாமல் கொள்ளாமல் விற்கிறவர் வாசலில் போய் நிற்பார். முதல் வேலை பொனட்டில் உள்ளங்கையை வைப்பது. சூடாக இருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிடுவார். எஞ்சினைச் சூடாக்கி வைத்தவன் எதையோ மறைக்கிறான் என்பது அவர் கட்சி. ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது புகைக்குழாயின் வாயில் வெள்ளை லேஞ்சி, அதாவது கைக்குட்டை, ஒன்றைப் பிடிப்பார். அதற்கென்றே மனைவி அஸீமா தோய்த்து மடித்துவைத்த லேஞ்சிகள் அலுமாரியில் ஒரு தட்டு நிறைய இருந்தன. லேஞ்சியில் கறை பட்டால் கதை முடிந்தது. முடிவு சொல்லும்வரை அந்த வீட்டில் பச்சைத் தண்ணீரும் குடிக்க மாட்டார்.

“வாய்க்குள்ள அவன்ட தேத்தண்ணி இரிக்கக்குள்ள அவன்ட வாகனத்த எப்பிடிக் குறை சொல்ற?” என்பார்.

இத்தனை பேருக்கு வாகனம் பார்த்துக் கொடுத்த மனுசனிடம் மூன்று வருசமாகச் சொந்த வாகனம் இல்லை. எட்டு வருசம் வைத்திருந்த வேனை, டீசலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் வெறுத்துப்போய் விற்றுவிட்டார். அப்போது அது பெரிய இழப்பாகத் தெரியவில்லை. மகன் ஸாஹிர் ஓட்டமாவடியில் ஸாதியாவைக் கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டுக்குக் குடிபோன பிறகுதான் தெரிந்தது. அங்கே இனாயா பிறந்தாள். அஸீமாவுக்கு மூச்சு இழுக்கிற வருத்தம். பஸ்ஸில் ஏறினால் இறங்குவதற்குள் நெஞ்சு விசிலடிக்கும். பிள்ளைக்கு முடி இறக்கின ஏழாம் நாள் ஆட்டோவில் புறப்பட்டவள், ஏறாவூரோடு ஆஸ்பத்திரியில் இறக்கப்பட்டு, முகத்தில் மூடி போட்டு மருந்துப் புகை பிடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள். பிறகு மகனும் மருமகளும்தான் இரண்டு தடவை பிள்ளையைத் தூக்கி வந்தார்கள். இரண்டாம் தடவை இனாயாவுக்கு ஏழு மாதம், ஆளை அடையாளம் பார்க்கும் வயசு. அஸீமா ஆசையோடு கையை நீட்டினாள். பிள்ளை உற்றுப் பார்த்தது, உதட்டைப் பிதுக்கியது, அடுத்த வளவுக்குக் கேட்கும்படி வீரிட்டு அழுதது.

அஸீமா சிரித்துச் சமாளித்தாள். அவர்கள் போன பிறகு குசினிக்குள் நின்று சொன்னாள்.

“எனக்கொரு வேன் வாங்கித் தாங்க. கிழமைக்கு ஒருக்கா அந்தப் புள்ளட முகத்தில முழிக்கணும். இல்லாட்டி நான் அதுக்கு ஆரோ ஒரு பொம்புள.”

இருபத்தாறு வருசத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் சாமான் அது. முனாஸுக்கு நெஞ்சு இளகிவிட்டது. புகையே இல்லாத வேனாகப் பார்த்து வாங்கித் தருவேன் என்று அந்த இடத்திலேயே சொன்னார். அங்கேதான் வினை. சட்டம் கொஞ்சம் புகைக்கு இடம் விடுகிறது, முனாஸ் விடவில்லை. இரண்டு மாதத்தில் பதினொரு வேன் பார்த்துப் பதினொன்றையும் தள்ளினார். வாழைச்சேனையில் ஒன்றுக்குப் பொனட் சூடு. செங்கலடியில் ஒன்று லேஞ்சியைக் கரிச்சட்டி துடைத்த துணியாக்கிவிட்டது. நாவற்குடாவில் மக்டலின் ரீச்சர் வீட்டு வேன் எல்லாவற்றிலும் நல்லாயிருந்தது. ஆனால் ஸ்டார்ட் பண்ணினதும் ஒரு சின்னக் குப்பென்ற புகை, லேஞ்சியில் திருநீறு பூசினது மாதிரி ஒரு சாம்பல் கீற்று. அவ்வளவுதான், முனாஸ் லேஞ்சியை மடித்துவிட்டார்.

“குளிர் எஞ்சின் தம்பி, முதல் மூச்சு அப்பிடித்தான் விடும். பத்திரத்த ஒருக்காப் பாருங்க” என்றார் ரீச்சரின் கணவர் பஸ்தியாம்பிள்ளை. கண்ணில் புரை விழுந்ததால் வாகனம் ஓட்டுவதை நிறுத்திக்கொண்ட மனுசன்.

முனாஸ் பத்திரத்தைப் பார்க்கவில்லை. பத்திரம் அடிக்கிறவனுக்கே பத்திரமா! ரீச்சர் கொண்டுவந்த தேத்தண்ணிக் கோப்பையையும் தொடாமல் இறங்கி நடந்தார். ரீச்சருக்கு அது மனத்தாங்கல்தான்.

பன்னிரண்டாவது வேன் ஏறாவூர் ஹமீடுடையது. விடியப்புறத்தில் பொனட் பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்திருந்தது. ஸ்டார்ட் பண்ணினார்கள். லேஞ்சி போன மாதிரியே வெள்ளையாகத் திரும்பி வந்தது. முனாஸ் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். அன்றைக்கு ஹமீட் வீட்டில் இரண்டு கோப்பைத் தேத்தண்ணி குடித்தார். மறுநாள் வேனை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, தலைகால் புரியாத சந்தோசத்தோடு வந்து லேஞ்சியை அஸீமாவிடம் விரித்துக் காட்டினார்.

“நல்லம். எனக்கெண்டு வாங்குற வேன்தானே, முடிவு சொல்ல முந்தி நானும் ஒருக்கா ஏறிப் பாக்கட்டா?” என்று கேட்டாள் அவள்.

வாகனம் பார்ப்பது ஆம்பிளைகள் வேலை. வாங்கி முடித்து வாசலுக்கு வந்த பிறகுதான் வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள். முனாஸுக்கு இது புதுக் கதை. ஆனாலும் வெள்ளை லேஞ்சி கையில் இருந்த தைரியத்தில், “ஏறினாப் போச்சு” என்றார்.

மறுநாள் ஹமீட் ஓட்ட, முனாஸ் பக்கத்தில் உட்கார்ந்தார். அஸீமா கடைசிச் சீட்டுக்குப் போனாள். அதுதான் எங்கள் வேன்களில் எழுதாத ஒழுங்கு. முன்னுக்கு ஆம்பிளைகள், நடுவில் வயசாளிகள், கடைசியில் பெண்களும் பிள்ளைகளும். பழைய வேனிலும் எட்டு வருசம் அவளுக்குக் கடைசிச் சீட்டுத்தான். முன் யன்னலைத் திறந்துவிட்டார்கள். காற்று சுகமாக வந்தது. எஞ்சின் சத்தத்தைப் பற்றி முனாஸ் ஹமீடுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டு போனார். நாவற்குடா தாண்டப் பின்னால் ஒரு இருமல் கேட்டது. கல்லடி வர மூன்று நாலு.

“அது அவக்கு வழமையானது” என்றார் முனாஸ் திரும்பிப் பாராமலே.

“நிப்பாட்டுங்க!”

அஸீமாவின் குரல் அப்படி உயர்ந்து முனாஸ் கேட்டதில்லை. ஹமீட் வாவிக்கரையோரம் நிறுத்தினார். அவள் மூச்சுக்கு இழுக்கிற பம்பை இரண்டு தரம் அடித்துவிட்டு, பின்கதவின் கீழ் மூலையைக் காட்டினாள்.

“இஞ்ச குனிஞ்சு பாருங்க. றோட்டுத் தெரியுது.”

முனாஸ் குனிந்து பார்த்தார். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி, அதற்குள்ளால் தார் றோட்டு. “கதவு றப்பர்தானே காக்கா, மாத்தினாச் சரி” என்றார் ஹமீட். முனாஸ் கடைசிச் சீட்டில் ஏறி உட்கார்ந்து, “ஓட்டு பாப்பம்” என்றார்.

வேன் வேகம் பிடித்ததும் விசயம் விளங்கியது. முன் யன்னலால் வந்த காற்றில்லை அது. பின்னாலிருந்து, அந்த இடைவெளியால், புகைக்குழாய் விட்டதெல்லாம் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத, லேஞ்சியில் படாத புகை. ஆனால் தொண்டையில் போய் உட்கார்ந்தது. பதினெட்டு வருசம் வாகனங்களின் பின்னால் நின்ற மனுசன், ஒரு வாகனத்தின் பின்சீட்டில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

இறங்கிக் கதவை விரலால் தடவிப் பார்த்தார். புதுப் பெயின்றுக்குக் கீழே எப்போதோ அடிபட்டு நிமிர்த்திய தகரம். சட்டமே கோணியிருந்தது, எந்த றப்பரும் அதில் நிற்காது. ஹமீடின் முகம் வாடிவிட்டது.

“வல்லாஹி காக்கா, எனக்குத் தெரியா. நானும் இந்தப் பெயின்றோடதான் வாங்கினன்.”

“உனக்கென்ன, எனக்கே தெரியல்லயே” என்றார் முனாஸ்.

ஹமீட் அவர்களை வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். முனாஸ் சாப்பிடவில்லை, கதிரையிலேயே இருந்தார். அங்கிருந்தபடியே கேட்டார்.

“நம்மட பழைய வேனும் இப்பிடியா இருந்திச்சு?”

“ஓம்.”

“ஏன் நீ சொல்லல்ல?”

“சொன்னனே. நீங்கதான் அது உன்ட வருத்தம், வேனுக்கு ஒண்டுமில்ல, வருசா வருசம் பாஸ் எண்டு சொன்னீங்க.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை, கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். அதுதான் முனாஸைக் கொன்றது. எட்டு வருசம் தன் வேன் முதல் தடவையிலேயே சோதனையில் தேறியதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறார். அந்த எட்டு வருசமும் இவள் பின்சீட்டில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்திருக்கிறாள். புகை வெளியே எவ்வளவு போகிறது என்று பார்த்தாரே தவிர, உள்ளே வருகிறதா என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. வெட்கமும் துக்கமும் ஒன்றாக வந்தன. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து தானும் ஒரு பிடி கீரையை எடுத்து ஆய்ந்தார். இருபத்தாறு வருசத்தில் அதுவும் முதல் தடவை. தண்டையும் இலையையும் ஒன்றாகப் போட்டு அவளுக்கு வேலையைக் கூட்டியதுதான் மிச்சம்.

அடுத்த நாள் இருவருமாக நாவற்குடாவுக்குப் போனார்கள். சுபஹுக்குப் பிறகு அல்ல, பத்து மணிக்கு, சொல்லிவிட்டு. முனாஸ் பொனட்டில் கை வைக்கவில்லை. முதலில் ரீச்சர் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார், அன்றைக்குக் குடிக்காமல் போனதற்கு மன்னிப்பும் கேட்டார். பிறகு பின்கதவைத் திறந்தார். கதவைச் சுற்றி றப்பர் புதுசு மாதிரி, விரலை வைத்தால் அமுங்கி எழும்பியது.

“இது எப்பிடி ரீச்சர் இவ்வளவு கவனமா?”

மக்டலின் ரீச்சர் சிரித்தார். “கோயில்ல பாடுற பிள்ளைகள ஏத்துற வேன் தம்பி. நத்தார்க் காலத்தில வீடு வீடாக் கரோல் பாடப் போவம். பின்சீட்டுப் பிள்ளைகள் எப்பவும் தொண்டை கட்டுது ரீச்சர் எண்டு சொல்லுவாங்க. நானும் சாட்டுச் சொல்லுதுகள் எண்டுதான் நினைச்சன். ஒரு நாள் நானே பின்னுக்கு இருந்து போனன். அண்டையில இருந்து ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா இவர் றப்பர் மாத்தாம விட்டால் வீட்டில சோறில்ல.”

பஸ்தியாம்பிள்ளை ஓம் என்று தலையாட்டினார்.

அஸீமா கடைசிச் சீட்டில் ஏறினாள், முனாஸ் ஓட்டினார். கல்லடிப் பாலம் ஏறி இறங்கித் திரும்பி வரும்வரை அவர் காது முழுக்கப் பின்னால்தான். ஒரு இருமல் இல்லை. அன்றைக்கே விலை பேசி முடித்தார்கள். இருந்தும் சட்டம் சட்டம்தானே, வேன் மெஷினுக்குப் போனது. சொந்த வாகனத்தைத் தானே சோதிக்கக் கூடாது என்று முனாஸ் ஒதுங்கி நிற்க, கூட வேலை செய்கிறவர் குழாயைச் செருகினார். எண் சட்டம் சொன்ன அளவுக்கு நன்றாகவே உள்ளே நின்றது. அந்த முதல் சாம்பல் மூச்சு காற்று வடிகட்டியின் அழுக்கு. மாற்றியதும் அதுவும் போய்விட்டது.

வேன் வாசலுக்கு வந்த கிழமை முனாஸ் இன்னொரு காரியம் செய்தார். தான் பார்த்துக் கொடுத்த வாகனங்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனார். “என்னைப் பின்னுக்கு வச்சு ஒரு சுத்து ஓட்டு” என்றார். புகை பிடித்து மூளை குழம்பிவிட்டதாக்கும் என்று சிலர் நினைத்தார்கள். மூன்று வாகனங்களில் கதவு றப்பர் மாற்ற வேண்டியிருந்தது. ஒரு வீட்டில், பிள்ளைகள் வேனில் குமட்டிச் சத்தி எடுப்பது அதோடு நின்றுவிட்டது. அந்த வீட்டுப் பெண் அஸீமாவுக்குத் தொதல் இனிப்புக் கொடுத்துவிட்டாள், முனாஸுக்கு அல்ல.

வெள்ளிக்கிழமை விடிய ஸாஹிர் வந்தான். சாவியை அவனிடம் கொடுத்துவிட்டு முனாஸ் நேராகக் கடைசிச் சீட்டுக்குப் போனார்.

“வாப்பா, முன்னுக்கு வாங்களன்.”

“நீ றோட்டப் பாத்து ஓட்டு.”

ஏறாவூர் தாண்டும்போது அஸீமாவின் தலை அவர் தோளில் சாய்ந்தது. முனாஸ் பதறிப்போய் அவள் மூக்கருகே காதை வைத்தார். மூச்சு சீராகப் போய்வந்துகொண்டிருந்தது. தூக்கம். அஸீமா வாகனத்தில் கண்ணயராத பிறவி என்று எட்டு வருசம் சொல்லித் திரிந்தவர் அவர்தான். முனாஸுக்குக் கண் கலங்கியது. வாழைச்சேனை வருமட்டும் அந்தத் தோளை அசைக்கவில்லை, அது மரத்துப்போனது.

ஓட்டமாவடியில் வேன் நின்றது. “இறங்கல்லயா வாப்பா?” என்றான் ஸாஹிர்.

“மெல்லப் பேசு. உம்மா நித்திர.”

ஸாதியா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேன் கதவடிக்கே வந்துவிட்டாள். இனாயா உள்ளே எட்டிப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். பிறகு வேன் அதிரும்படி அழத் தொடங்கினாள். அந்தச் சத்தத்தில் கண் விழித்த அஸீமா, முகத்திரையை ஒதுக்கி, இருமலே இல்லாத தொண்டையால் வாய்விட்டுச் சிரித்தாள்.

“அழட்டும், அழட்டும். நான் வாற வெள்ளியும் வருவன், அதுக்கு அடுத்த வெள்ளியும் வருவன். எத்தின வெள்ளிக்கு அழப் போறா எண்டு பாப்பம்.”