மணலில் ஒரே ஒரு படம்

எனக்கு நாற்பத்தாறு வயது. புறநகர் தகனினியில் வீடு, ஆக்லாந்து நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை, நடுவில் தினமும் நகராத மோட்டார்வே. அதில் ஊர்ந்து போவதற்குத்தான் காடு மேடு ஏறும் ஃபோர் வீல் டிரைவ் ஒன்று வாங்கினேன். நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய கையோடு, தமிழ் நண்பர்களின் வண்டிக் குழுவுக்கு என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள். என் தகுதி, நன்றாக மெயில் எழுதுவேன்.

மேற்குக் கரை மணல்மேடுகளில் வண்டிகளுக்கே தடை வரப்போகிறது என்றதும் எனக்கு ரத்தம் கொதித்தது. பொது நிலம் என்றால் எனக்கும்தானே பொது! கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்தேன். திரையில் காட்ட நம் வண்டி மணலில் நிற்கும் படம் ஒன்றை எடுத்து வைக்கும்படி மனைவி அகிலாவிடம் சொல்லிவிட்டு, மூன்று நாள் பேச்சை ஒத்திகை பார்த்தேன்.

"எங்களைப் போன்ற அனுபவசாலிகளால் மணலுக்கு ஒரு கீறல்கூட விழாது" என்று மேசையைத் தட்டியபோது திரையில் படம் வந்தது. கயிற்று வேலிக்கு அப்பால், மணல் அரிக்காமலிருக்க நட்டு வைத்த புல்லின் மேல், என் வண்டி அச்சு வரை புதைந்து கிடந்தது. மண்வெட்டியோடு அதைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தவர்கள், இப்போது எதிர்வரிசையில் தடை கேட்டு உட்கார்ந்திருந்த அதே புல் நடும் குழுவினர்.

அரங்கமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும், லேப்டாப்போடு அருகில் உட்கார்ந்திருந்த அகிலா பக்கம் குனிந்து, "வேற போட்டோவே கிடைக்கலையா?" என்று பல்லைக் கடித்தேன்.

"மணல்ல எடுத்ததுதானே கேட்டீங்க?" என்றாள். "அதுக்கப்புறம் ஒரு நாளாவது அங்க போனீங்களா?"