எண்ணாமல் எழுதிய மூச்சு

அன்றைக்கு மலை ஆஸ்பத்திரி வார்டில் இருந்தவர்கள்: டாக்டர். சிஸ்டர். என்னோடு பயிற்சிக்கு வந்த வாணியம்பாடிப் பெண். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வந்த ஒரு தாய். அவள் சேலைக்குள் மாரோடு ஒன்றரை வயசுப் பெண் குழந்தை. அப்புறம் நான்.

உதவி நர்ஸ் பரீட்சைக்கு ஒரு மாசம் இருந்தது. நான் படித்தது எட்டாவதுதான். மனப்பாடம் பண்ணித்தான் எல்லாம். குழந்தைக்கு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு, எத்தனைக்கு மேல் போனால் ஆபத்து என்று கேட்டால் உடனே சொல்வேன்.

டாக்டர் வாரத்தில் ஒரு நாள் ஜீப்பில் வருவார். கூட்டம் நெரியும். நாங்கள் எழுதி வைத்த சார்ட்டைப் பார்த்துத்தான் யாரைக் கீழே போளூர்ப் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிப் போவது என்று முடிவு செய்வார்.

மூச்சை ஒரு நிமிஷம் முழுசாக எண்ண வேண்டும். விநாடி முள் வைத்த வாட்ச் வாணியம்பாடிக்காரியிடம் மட்டும் இருந்தது. முந்தின நாள் சாப்பிடும்போது, "என் வாட்ச் இல்லன்னா இவளுக்கு மூச்சே வராது சிஸ்டர்" என்றாள். சிஸ்டர்கூடச் சிரித்தார். அதனால் நான் போய்க் கேட்கவில்லை.

"கொழந்தயக் காட்டும்மா."

"இப்பதாங்க கண்ண மூடிச்சு. ரெண்டு நாளா ஒரே அழுக. தொறந்தா குளிருமுங்க."

அழாத குழந்தை தேறிய குழந்தை என்று நினைத்தேன். சேலையை விலக்கவில்லை. சார்ட்டில் மூச்சு முப்பது என்று எழுதினேன். எண்ணாதபோதெல்லாம் நாங்கள் எழுதுவது அதுதான்.

டாக்டர் சார்ட்டைப் பார்த்தார். "இது எப்டி இருக்கு?"

"தூங்குதுங்க சார்."

"சரி, மருந்து குடு."

ஜீப் இறங்கிப் போனது.

மதியம் சிஸ்டர் வந்து சேலையை விலக்கினார். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. உதடு நீலம். வாட்சை வாங்கி என் கையில் திணித்தார். "எண்ணு."

எழுபத்திரண்டு. நாற்பதைத் தாண்டினாலே ஆபத்து.

"இன்னாடி எழுதி வெச்சிருக்க?"



அன்றைக்கு பஸ் இல்லை. தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போளூர்ப் பக்கம் இறங்கினாள். நானும் கூடப் போனேன். பாதி இறக்கத்தில் நின்றாள். சேலைக்குள் பார்த்தாள். குழந்தைக்கு மூச்சு நின்றிருந்தது. பிறகு என்னிடம், "எங்களுக்காவ இம்மாந்தூரம் வந்தீங்களேம்மா" என்றாள்.

எண்ணாமல் எழுதியதை அவளிடம் சொல்லியிருக்கணும். சொல்லவில்லை.

சிஸ்டரும் வெளியே சொல்லவில்லை. பரீட்சைக்கு ரெக்கார்டு நோட்டு காட்ட வேண்டும். அந்தக் குழந்தைக்கும் ஒரு பக்கம் உண்டு. உள்ளதை எழுதினால் ஏன் அனுப்பவில்லை என்று கேட்பார்கள். முப்பது என்றே எழுதினேன். நல்ல எழுத்தில்.

பரீட்சை நடத்த வந்த அம்மா அந்தப் பக்கத்தில் விரல் வைத்தார். "எண்ணினியா?"

"எண்ணினேங்க."

சிவப்பு மையில் போட்டார். பத்துக்கு ஒன்பது.