விளையாடாமல் போட்ட புள்ளிகள்

பகலில் வேலணையில் ஓர் அரச அலுவலகத்தில் கடிதம் தட்டச்சுச் செய்வது என் வேலை. மிச்ச நேரத்தில் சரவணையில் உள்ள என் வீட்டில் இருந்து மொட் செய்வேன். யாரோ செய்த கணினி விளையாட்டைப் பிரித்து, நமக்கு வேண்டியபடி மாற்றிக் கட்டுவதைத்தான் மொட் என்பார்கள். நான் கை வைத்தது வாளும் மந்திரமும் பனிமலையும் உள்ள ஒரு பெரிய விளையாட்டு. பனியை எடுத்துவிட்டு மணல் போட்டேன். ஊசியிலை மரங்களைப் பிடுங்கிவிட்டுப் பனை நட்டேன். கோட்டைக் காவலன் வாளை உருவ முன்னர், "எவடம்? ஆற்றை பிள்ளை?" என்று கேட்பான். எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று ஒழுங்காகப் பதில் சொல்லாவிட்டால் கதவு திறக்காது. வெளிநாட்டில் இருந்து ஒருவர், வாசலிலேயே ஒரு பின்னேரம் முழுக்க நின்றதாகத் திட்டி எழுதினார். ஊருக்கு வந்தாலும் அதுதான் நடக்கும் என்று பதில் போட்டேன்.

இந்தப் பெருமையால்தான் என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். தீவுப் பிள்ளைகள் தாங்களே செய்த விளையாட்டுகளின் டெமோ, அதாவது அரைமணி நேரம் விளையாடக்கூடிய மாதிரி, போட்டிக்கு வருகிறது. முதற்பரிசு ஒரு புதுக் கணினி. இடம் வேலணையில் ஒரு மண்டபம். ஆறு பிள்ளைகள், மூன்று நடுவர்கள்.

புள்ளித்தாளைக் கையில் தந்தபோதே எனக்குக் கோபம் ஏறிவிட்டது. அது பேச்சுப் போட்டிக்கு அடித்த தாள். உச்சரிப்பு, உடல்மொழி, நேரக்கட்டுப்பாடு எல்லாம் அப்படியே இருந்தன. 'குரல் ஏற்ற இறக்கம்' என்பதை மட்டும் பேனையால் வெட்டி 'படம்' என்று எழுதியிருந்தார்கள். தலைமை நடுவர் ஓய்வுபெற்ற அதிபர். நாற்பது வருடமாகப் பேச்சுப் போட்டிக்கு மணி அடித்த கை அவருடையது. அன்றும் மணியோடு வந்திருந்தார்.

"சேர், நாங்கள் எப்ப விளையாடுறது?" என்று கேட்டேன்.

"நாங்கள் ஏன் தம்பி விளையாடுறது? பிள்ளையள் மேடையிலை விளையாடுவினம். நாங்கள் இருந்து பாப்பம். பேச்சுப் போட்டியிலை நடுவரே பேசுறவர்?"

மற்ற நடுவர் சித்திர ஆசிரியை. அவ தலையாட்டினா.

முதலில் விளக்கேற்றினார்கள். பிறகு வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, எங்களுக்குப் பொன்னாடை. வெளிநாட்டில் இருந்து வந்த பிரதம விருந்தினர், கணினி விளையாட்டுகள் பிள்ளைகளை எப்படிக் கெடுக்கின்றன என்று முக்கால் மணித்தியாலம் பேசினார். விளையாட்டுச் செய்த ஆறு பிள்ளைகளும் முன்வரிசையில் இருந்து கைதட்டினார்கள்.

பிறகு ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம். நாலாம் நிமிடத்தில் ஒரு மணி, ஐந்தாம் நிமிடத்தில் இரண்டு மணி. முதல் பிள்ளை "நீதி தவறாத நடுவர்களே" என்று தொடங்கி, மணி அடிக்கும் வரைக்கும் கணினியைத் திறக்கவேயில்லை. அதிபர் நிறையப் புள்ளி போட்டார். ஊர்காவற்றுறைப் பெடியன் ஒருவன் வாயே திறக்கவில்லை. விளையாடிக் காட்டினான். அவனுடைய வீரன் ஐந்து நிமிடத்துக்குள் நாலு தரம் கடலில் மூழ்கிச் செத்தான். மண்டபமே சிரித்தது. தான் செய்த விளையாட்டையே விளையாடத் தெரியாதவன் என்று நானும் குறைத்துத்தான் போட்டேன்.

ஆறாவது, நெடுந்தீவுப் பிள்ளை. அவவின் முறை வந்தபோது கடைசிப் படகுக்கு ஒரு மணித்தியாலம்தான் இருந்தது. நெடுந்தீவுப் படகு வெளிக்கிடும் குறிகட்டுவானுக்குப் போகும் பஸ் வாசலில் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத் தேநீர் இடைவேளை என்று அறிவித்தார்கள்.

அவ அதிபரிடம் வந்து கேட்டா. "சேர், எனக்குப் படகு போயிடும். இப்ப காட்டவோ?"

"ஒழுங்கை மாத்த ஏலாது பிள்ளை. நெடுந்தீவெண்டு போட்டிருக்கு, கேமிலை குதிரை இருக்கோ?"

"குதிரை இல்லை சேர். பூதம் இருக்கு."

"காட்டுக்குதிரைக்குப் பேர்போன நெடுந்தீவிலை குதிரை இல்லாமலோ!"

அவ கணினியைப் பையில் வைத்தா. அது சொந்தக் கணினி இல்லை. மச்சாளிடம் இரவல் வாங்கியது; மச்சாள் கொழும்புக்குப் படிக்கப் போகும்போது கொண்டுபோய்விடுவா. பரிசு கிடைக்காவிட்டால் இதோடு சரி என்று காலையில் பக்கத்துப் பிள்ளைக்குச் சொன்னது என் காதில் விழுந்தது.

நான் எழும்பினேன். பொன்னாடையைக் கதிரையில் போட்டுவிட்டு அவவுக்குப் பின்னால் பஸ்ஸில் ஏறினேன்.

"தங்கச்சி, லப்டொப்பைத் தாரும். நான் விளையாடப் போறன்."

"இதுக்குள்ளையோ?"

"மண்டபத்திலை விடமாட்டினம்."

புங்குடுதீவுப் பாலத்தால் பஸ் குலுங்கிக்கொண்டு போக, மடியில் வைத்து விளையாடினேன். அதில் நான் ஒரு படகோட்டி. ஏற்ற வேண்டியவை பூதங்கள். எந்தப் பூதம் எந்தப் பூதத்தோடு கோபம் என்று அவற்றின் கதையைக் கேட்டு அறிந்து இடம் பிரித்து இருத்த வேண்டும். பிழையாக இருத்தினால் நடுக்கடலில் சண்டை பிடித்துப் படகைக் கவிழ்க்கும். காணித் தகராறுள்ள இரண்டு பூதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் இருத்திக் கவிழ்ந்துபோனேன். பஸ்ஸில் சத்தம் போட்டுச் சிரித்தேன். விளையாட்டில் படகு திரும்பி வரும் பயணத்தில் திரை உறைந்தது. மறுபடி தொடங்கினேன். அதே இடத்தில் மறுபடியும் உறைந்தது.

"அந்த இடம் எனக்கும் பிடிபடேல்லை அண்ணை," என்றா.

"பரவாயில்லை. உமக்குத்தான் கூடப் புள்ளி போடுவன்."

அவ என்னைப் பார்த்த பார்வை நல்லதாக இல்லை.

"மற்ற அஞ்சு பேரின்ரை கேமையும் விளையாடினனீங்களோ?"

"இல்லை."

"பிறகென்னெண்டு எனக்குக் கூடப் போடுவியள்? நீங்களும் அந்தச் சேரும் ஒண்டுதான்."

கணினியை வாங்கிக்கொண்டு இறங்கி, இறங்குதுறைப் பக்கம் நடந்தா. நான் அதே பஸ்ஸில் திரும்பினேன். வழியில் அதிபர் தொலைபேசி எடுத்தார்.

"எங்கை தம்பி நிக்கிறீர்? முடிவுத்தாளிலை மூண்டு கையெழுத்து வேணும். பிரதம விருந்தினர் பரிசோடை மேடையிலை நிக்கிறார்."

"நிக்கட்டும் சேர். ஆறையும் விளையாடாமல் நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"விசர்க்கதை கதையாதையும்."

விசர்தான், பைத்தியக்காரத்தனம்தான். பிரதம விருந்தினர் பிள்ளை இல்லாமல், பரிசுப் பெட்டியோடு மட்டும் படம் எடுத்துக்கொண்டு போனார். நான் அந்தக் கிழமை முழுக்க வேலை முடிய, மற்ற ஐந்து வீடுகளுக்கும் போய் விளையாடினேன். சித்திர ஆசிரியையும் இரண்டாம் நாளில் இருந்து கூட வந்தா. கடைசியாகப் போனது ஊர்காவற்றுறைக்கு. அந்தப் பெடியனின் விளையாட்டில், வீரன் ஒவ்வொரு தரம் மூழ்கிச் சாகும்போதும் கடல் ஒரு முழம் வற்றுகிறது. செத்துச் செத்துத்தான் அடுத்த தீவுக்கு நடக்க முடியும். மண்டபம் சிரித்தது அதைப் பார்த்துத்தான். கடைசிவரை ஓர் இடத்திலும் உறையவில்லை.

எனக்கு யாரில் கோபப்படுவது என்று தெரியவில்லை. அவனுக்கே முதலிடம் போட்டு ஆசிரியையும் நானும் கையெழுத்து வைத்தோம். அதிபர், எந்தப் பிள்ளை என்று கூடக் கேட்காமல் மூன்றாவது கையெழுத்தை வைத்தார்.

நெடுந்தீவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். ஓரிடத்திலும் உறையாத ஊர்காவற்றுறை விளையாட்டுக்கு முதலிடம், அவவுக்கு இரண்டாவது இடம், ஒரு சான்றிதழ்.

"எல்லாத்தையும் விளையாடினனீங்களோ?"

"ஓம். எல்லாத்தையும்."

"அப்ப அவரின்ரை கேமை எனக்கு அனுப்பச் சொல்லுங்கோ. எப்பிடி உறையாமல் செய்தவரெண்டு பாப்பம். மச்சாள் போக இன்னும் ஒன்பது நாள் கிடக்கு."