அழகுமலை வீட்டு அழைப்புமணி

அழகுமலை அண்ணன் பார்சலைப் பிளேடால்தான் பிரிப்பார். கத்தரிக்கோல் என் கடைப் பலகையிலேயே தொங்குகிறது, கை நீட்டினால் எட்டும், தொட மாட்டார். சட்டைப் பையிலிருந்து பாதி பிளேடை எடுத்து, பார்சலின் டேப்பை ஓரமாகக் கீறி, அட்டைப்பெட்டியைத் திறந்து, உள்ளே மூக்கையும் தொங்கு மீசையையும் விட்டு ஒரு இழுப்பு இழுப்பார். "புதுச் சாமான் வாசம் மறுநா நிக்காது தங்கச்சி. இப்பவே மோந்துக்கிறணும்." பின்னால் கால் கிலோ துவரம்பருப்புக்கு ஆள் காத்து நிற்கும். தராசுத் தட்டின் மேல் அவருடைய பெட்டி உட்கார்ந்திருக்கும். தெர்மாகோல் துணுக்கு பறந்து போய் என் சீரக டப்பாவில் விழும்.

அழகுமலை அண்ணன் எனக்கு எதிர்வீடு. கூடப்பிறந்தவர் இல்லை, தெருவில் வாய்ப்பழக்கமாக வந்த உறவு. உத்தமபாளையத்தில் இத்தனை தெரு இருக்க, இவர் என் கடைக்கு எதிரில்தான் வீடு கட்ட வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது. ஆனைமலையன்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். காலையில் போனால் சாயங்காலம்தான் திரும்புவார். தெருவுக்கு பிராட்பேண்ட் வந்ததிலிருந்து, வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவிவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எதையாவது வாங்கிவிடுகிறார். அவர் வாங்குவது அவர் வீட்டு விலாசத்துக்கு. வந்து சேருவது பாதி என் கடைக்கு.

வழி காட்டும் கருவி ஒன்று வாங்கினார். கோம்பையில் அவருடைய சித்தப்பா வீடு. கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்ச் சேருவார். அந்த வழியைப் போய் அந்தக் கருவியிடம் கேட்டார். அதற்குள்ளிருந்த பெண் குரல் வலப்பக்கம் திரும்பு என்று இங்கிலீஷில் சொல்ல, வண்டியை முல்லையாற்றுப் படித்துறை வரைக்கும் இறக்கிவிட்டார். துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவருக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. "மேப்புல தப்பு தங்கச்சி. அவ என்ன செய்வா, பாவம்" என்று கருவிக்காகப் பரிந்து பேசினார். பிறகு தொடாமலே சூடு பார்க்கும் துப்பாக்கி வந்தது. அதைத் தோசைக்கல்லுக்கு நேரே நீட்டி, "இன்னும் அஞ்சு டிகிரி ஏறட்டும்" என்று கரண்டியைத் தடுத்தார். அடுத்து, சத்தத்தை அளக்கும் மீட்டர். கையடக்கமாக இருக்கும், தலையில் கறுப்புப் பஞ்சு உருண்டை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்து, என் கடை கிரைண்டர் எவ்வளவு, பள்ளிக்கூட மணி எவ்வளவு, சின்னச்சாமி வீட்டுச் சேவல் எவ்வளவு என்று சொல்லிக்கொண்டு வந்தார். யார் கேட்டார்கள்?

மீட்டர் வாங்கியது பாட்டுக்காகவாம். பலாப் பலகையில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டி அடித்து வைத்திருக்கிறார். ஆம்ப்ளிபயருக்குள் கொசு இரைகிற மாதிரி ஒரு சத்தம் வருகிறதென்று மதுரை வரை பஸ்ஸில் மடியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார். எனக்கு அந்தக் கொசு கேட்கவில்லை. மதுரைக் கடைக்காரருக்கும் கேட்கவில்லையாம். "அவனுக்குக் காது பத்தாது" என்று சொல்லிவிட்டார். விளக்கு வைக்கிற நேரத்தில் பாட்டு ஆரம்பிக்கும். ஒரு குறிப்பிட்ட இடம் வந்ததும் ஆள்காட்டி விரல் மேலே போகும். "இந்தா, இங்கன வயலின்காரர் மூச்சு விடுறாரு. கேக்குதா பவுனு?" அடுப்படி வாசலில் நிற்கும் அவர் வீட்டுக்காரி பவுனு மதினி, "ஆமாங்க, கேக்குது" என்பார். இவர் கண்ணை மூடிக்கொள்வார்.

ஒயின் கதை இன்னும் மோசம். குமுளிப் பக்கத்துச் சிநேகிதர் ஒருவர் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போட்ட ஒயினை ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்துத் தொலைத்தார். அன்றைக்குப் பிடித்தது. ஊறுகாய்ப் பரணியெல்லாம் இப்போது பன்னீர் திராட்சையும் சர்க்கரையுமாக நொதித்துக்கொண்டிருக்கிறது. கிளாஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார், சுழற்றுவார், ஒரு வாய் வைத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார். "எறங்கயில ஏலக்கா, எறங்குன பொறவு ஈரமண்ணு." மதினி ஒரு சொட்டு நக்கிப் பார்த்து, "இருமல் மருந்து" என்று முடித்துவிட்டார். பல்லி விழுந்துவிடும் என்று ஒரு பரணியை இவர் இறுக்கி மூடப் போக, ஒரு மத்தியானம் மூடி வெடித்துத் தெறித்தது. நான் தெருவைத் தாண்டி ஓடினேன். அடுத்த அறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்த மதினி அசையவே இல்லை. இவர் அதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "வெடி வெடிச்சாலும் திரும்ப மாட்டா. அவளுக்கு நெஞ்சழுத்தம் சாஸ்தி தங்கச்சி."

எனக்கு வயிறு எரிகிற இடம் இதுதான். மதினிக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. ஆம்ப்ளிபயருக்குள் கொசுவைக் கண்டுபிடிக்கிற மனுஷனுக்கு அது தெரியாது.

எனக்குத் தெரியும். துணி எடுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு நான்தான் தேனிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் தெளிவாகச் சொன்னார். இரண்டு காதிலும் நரம்பு தளர்ந்திருக்கிறது. இப்போதே மிஷின் வைத்துப் பழகினால் பேச்சு கைவிட்டுப் போகாது. தள்ளிப்போட்டால் பிறகு மிஷின் வைத்தாலும் சத்தம் வருமே தவிரச் சொல் பிடிபடாது. தீபாவளிக்கு முன்னால் சொன்னது. பொங்கல் போய், சித்திரையும் வந்துவிட்டது. மிஷின் வைத்தால் வெளியே தெரியும், அவரிடம் சொல்லியாக வேண்டும். மதினி சொல்லவே மாட்டேன் என்கிறார்.

"மிஷினுன்னு கேட்டாப் போதும் தாயி, நாலு கம்பெனி மிஷின வரவழச்சு என் காதுல மாட்டி மாட்டிப் பாப்பாக. நான் என்ன ஸ்பீக்கர் பொட்டியா?" என்று முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "தெனமும் கேக்குதான்னு கேக்குறாக. வெரலத் தூக்கினதும் நானும் ஆமாங்குறேன். இம்புட்டு நாளும் பொய்யான்னு ஒரு வார்த்தை கேட்டாகன்னா, நான் எங்கன போய் முழிக்க?" வீரபாண்டி ஆத்தா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் என்னை விட்டார். என்னிடம் பேசுவதில் அவருக்குச் சிரமமே இல்லை. என் வாயைப் பார்த்தே பிடித்துக்கொள்கிறார். தெருவில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வீட்டுக்காரரோ, "நான் சொன்னா மட்டும் காதுல வாங்க மாட்டா. என்ன சொன்னாலும் ஒரு ஆமா" என்று என்னிடமே வந்து குறைப்படுகிறார். பல்லைக் கடித்துக்கொண்டு பருப்பு நிறுப்பேன்.

இந்த லட்சணத்தில் கூரியர். அண்ணன் தோட்டத்தில் இருக்கும்போது பார்சல் வரும். கூரியர்க்காரர் அப்சல் மணியை அடிப்பார். மதினி திறக்க மாட்டார். சின்னச் சாமான் என்றால் என் கடையில் கொடுத்துவிட்டுப் போவார். விலை கூடினது என்றால் வீட்டாள் கையெழுத்து இல்லாமல் கொடுக்கக் கூடாதாம், தேனிக்குத் திரும்பிவிடும். பெண்டாட்டி ஏன் திறக்கவில்லை என்று கேட்க வேண்டியவர், மணி சரியில்லை என்று முடிவு கட்டினார். கிர்ர் என்ற பழைய மணியைக் கழற்றிவிட்டுக் குருவி கத்தும் மணி. பிறகு விதவிதமாக ராகம் பாடும் மணி. பிறகு ஒயர் இல்லாத மணி. அதை அடித்தால் என் கடை அலமாரியில் பாட்டில்கள் நடுங்கும். இந்த மணிகளும் பார்சலில்தானே வர வேண்டும்? அதில் ஒன்று வாசலில் காத்திருந்து, யாரும் கதவு திறக்காமல், தேனிக்கே திரும்பிப் போன கூத்தும் நடந்தது.

கடைசியில் அண்ணன் பொறுமை இழந்து, அப்சல் வராமலே வந்ததாக எழுதுகிறார் என்று கூரியர் ஆபீசுக்குப் புகார் அனுப்பிவிட்டார். அப்சல் என் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தார். "வாசல்ல நின்னு அடிச்சேன்க்கா. உள்ள அவுக மொச்சை உரிக்கிறது சன்னல்ல தெரியுது. தட்டுனேன், கத்துனேன், திரும்பவே இல்ல. என் மேல என்ன கோவம்னு தெரியல. தேனியில விசாரிக்கிறாக. ரெண்டு பிள்ளையப் படிக்க வைக்கிறேன்க்கா, தூக்கிருவாக போல."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மதினியிடம் போய், "இன்னைக்காவது சொல்லிருங்க" என்று சண்டை போட்டேன். அழுதாரே தவிர அசையவில்லை. சாயங்காலம் அண்ணன் கடைக்கு வந்தார். "நான் வாங்குன மணி பொய் சொல்லாது தங்கச்சி. அப்சல்தான் சொல்றான்."

சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்திருந்தேன். அளக்கச் சொல்ல மாட்டேன் என்று செய்யவில்லை. "ஏண்ணே, மணிச் சத்தம் அடுப்படி வரைக்கும் எம்புட்டு வருதுன்னு பாத்தீகளா? மீட்டரு சும்மாதான கெடக்கு" என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "அட, ஆமா! நம்பரோட எழுதி அனுப்பிட்டா அவன் வாயத் தொறக்க முடியாதுல்ல!"

மறுநாள் காலை தோட்டத்துக்குப் போகாமல் இருந்துவிட்டார். மீட்டரைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நிற்க வேண்டியது நான். வாசலில் மணியை அமுக்குவது அவர். மதினி கொல்லைப் பக்கம் பார்த்து உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். என் கையைப் பார்த்து, "இதென்ன தாயி, குட்டி ரேடியாவா?" என்றார். "அண்ணே புடிக்கச் சொன்னாக" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு மறுபடி மொச்சைக்குத் திரும்பிவிட்டார்.

மணி அலறியது. மீட்டரில் எண் குதித்து ஏறியது. மதினி ஒரு காயைப் பிதுக்கி, பருப்பைச் சட்டியில் போட்டார்.

"எம்புட்டு?" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார் அண்ணன். "எண்பத்தாறு" என்றேன். "பாத்தியா! எண்பத்தாறு! கேக்கலன்னு எவனாச்சும் சொல்லட்டும்..." என்று ஆரம்பித்தவர், மதினி இன்னும் திரும்பாததைப் பார்த்து நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நான் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

விறுவிறுவென்று வாசலுக்குப் போய், சுவரில் ஒட்டியிருந்த மணிப் பொத்தானைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு வந்தார். அடுப்படி நிலையில் நின்று, மதினியின் முதுகைப் பார்த்தபடி அமுக்கினார். கூடத்தில் மணி அலறியது. மறுபடி அமுக்கினார். எனக்குக் காது இரைந்தது. மதினி தொலியை ஒதுக்கிவிட்டு அடுத்த காயை எடுத்தார்.

"பவுனு" என்று கூப்பிட்டார். சத்தமாக, "ஏ பவுனு!" என்றார். பிறகு கை தானாகக் கீழே இறங்கியது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

சுற்றிக்கொண்டு போய் மதினிக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மதினி நிமிர்ந்து பார்த்தார். அவர் கையில் பொத்தான், என் கையில் மீட்டர். புரிந்துவிட்டது. "சொல்லிட்டியா தாயி?" என்று என்னைக் கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"எம்புட்டு நாளா பவுனு?" என்றார் அண்ணன். எனக்கே சரியாகக் கேட்காத குரல்.

மதினி அவர் முகத்தை உற்று உற்றுப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன், கோபம்தான் வந்தது. "என்னத்தக் கேக்குறீகன்னு யாருக்குத் தெரியும்? ஊருல எல்லாரு வாயும் தெரியுது, ஒங்க வாயி மட்டும் அந்த மீசைக்குள்ள கெடக்கு! நீங்க என்ன சொன்னாலும் ஆமா ஆமான்னு எம்புட்டு நாளைக்குத்தான் சொல்லுவேன்? தேனி டாக்டரு மிஷின் வைக்கச் சொல்லி வருசமே திரும்பிருச்சு. இனி போனாலும் பேச்சு வெளங்குமோ என்னமோ!" குரல் உடைந்துவிட்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணன் ஏதோ சொன்னார். மதினிக்குப் பிடிபடவில்லை, என் பக்கம் திரும்பினார். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அவரே சொல்லட்டும்.

அவர் மணிப் பொத்தானைத் தரையில் வைத்தார். மேலுதட்டை மூடித் தொங்கிய அந்த மீசையை இரண்டு கை விரல்களாலும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, பல் தெரிய, மதினியின் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு சொல்லாக மறுபடி சொன்னார்.

"இப்பவே... தேனிக்கு... போவமா?"