கடலுக்கு உப்பு போட்டவர்

சொன்ன வேலையைவிடச் சொல்லாத வேலையில்தான் தாவீதுக்கு ஆசை அதிகம். சதுரங்கப்பட்டினத்துக்காரர், செங்கல்பட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஏழு வருஷமாகத் தினக்கூலி. யாரும் கேட்காமலே தராசுத் தட்டுகளுக்கு எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கி, ஒரு வாரம் எல்லா எடையையும் தப்பாக்கியவர். ஆனாலும் அங்கே ஆய்வாளரான வசுமதி மேடத்துக்கு அவர் மேல் பிரியம். அடுத்து வரும் செய்முறை விளக்கம் நல்லபடி முடிந்தால் தாவீதின் வேலை நிரந்தரம் என்று மேலதிகாரியிடம் பேசி வைத்திருந்தார்.

அது 2006. கடல்நீரைக் குடிநீராக்க ஓர் ஆலை வரப்போகிறது. மிஞ்சும் கடும் உப்புத் தண்ணீரைக் குழாயில் கடலுக்குள் பீய்ச்சுவார்கள். அது எங்கே போய்ச் சேரும் என்று ஊராருக்குக் காட்ட ஒரு கண்ணாடித் தொட்டி. தொட்டியில் நல்ல தண்ணீர், குழாயில் சிவப்புச் சாயம் கலந்த உப்புத் தண்ணீர். கடல்நீரைவிடக் கழிவு உப்பு நீர் கனம், அந்த வித்தியாசத்தைக் காட்டத்தான் தொட்டியில் நல்ல தண்ணீர் என்று மேடம் விளக்கியபோது தாவீது டீ வாங்கப் போயிருந்தார்.

‘கடல்’ என்று எழுதி ஒட்டிவிட்டு உள்ளே உப்பில்லாத தண்ணீரா? ஊர்ச்சனம் சிரிக்காதா? செய்முறை நாளன்று விடிந்ததும் வந்து, குழாய்த் தண்ணீருக்குப் போட்ட அதே விகிதத்தில் தொட்டிக்கும் உப்பைக் கொட்டிக் கலக்கினார்.

பீய்ச்சியதும் சிவப்பு நீர் சாய்வாக மேலே ஏறியது. அப்படியே பரவிக் கரைந்தும் போனது. மேலதிகாரி கைதட்டினார். ஊர் சார்பில் வந்திருந்த நண்டு வியாபாரி காசியம்மாள், கடல் தரைக்கு ஒன்றும் வராதென்றால் ஆலைக்குத் தனக்குச் சம்மதம் என்று கையெழுத்திடப் பேனா கேட்டார். மேடம் மட்டும் வெளுத்துப்போய், கீழே விழ வேண்டியது ஏன் விழவில்லை என்று முணுமுணுத்தார்.

தான் கொட்டிய உப்புதான் காரணம் என்று தாவீதுக்கு அப்போதுதான் புரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிரந்தரம். ஆனால் நண்டு தரையில்தானே கிடக்கிறது.

“யக்கா, கையெழுத்து போடாத. தொட்டில உப்பு போட்டது நான்தான்.”

காசியம்மாள் தொட்டியில் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். “இன்னா நைனா, கடலுக்கே உப்பு போட்டுக்கீற?”

தொட்டியைக் காலி செய்து நிரப்ப மூன்று மணி நேரம் ஆனது. இந்தத் தடவை சிவப்பு நீர் எழும்பி, வளைந்து, தரையில் விழுந்து பாய் விரித்தாற்போலப் படர்ந்தது. காசியம்மாள் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். குழாயை இன்னும் ஆழத்துக்குக் கொண்டுபோய், உப்பு நீர் சிதறிக் கலக்கப் பல வாய் வைக்கிறோம் என்று ஆலைக்காரர்கள் எழுதிக் கொடுத்த பிறகுதான் கையெழுத்து விழுந்தது.

மேலதிகாரி தாவீதை நிரந்தரமாக்கும் கோப்பைக் கட்டி வைத்துவிட்டார். உண்மை பேசுகிறவர் தினக்கூலியாகவே இருப்பது நிர்வாகத்துக்கு நல்லது என்று நினைத்தாரோ என்னவோ. தாவீது சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்று அழுதார்.

மறுநாள் அடுத்த சோதனைக்கு உப்பு கலக்க மேடம் அவரைத்தான் கூப்பிட்டார். அவர் கலக்கி முடிக்கும்வரை மேடம் பக்கத்தைவிட்டு நகரவில்லை.