மேனேஜரை வண்டியில் ஏத்தியாச்சு

திண்டிவனம் கிருஷ்ணசாமி முப்பத்தோரு வருஷம் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். அந்தக் காலத்தில் அவர் பஸ்ஸில் ஏற்றாத ஜீவராசி இல்லை. ஆடு ஏற்றியிருக்கிறார், கூடையோடு கோழி ஏற்றியிருக்கிறார், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைக்கு மேல் மூட்டை, அதற்கு மேல் ஒரு புது மாப்பிள்ளையையும் ஏற்றியிருக்கிறார். "நடுவுல எடம் கெடக்குது, உள்ள போ" என்று அவர் சொன்னால் இல்லாத இடம் உண்டாகும். அப்பேர்ப்பட்டவரால் ஓய்வுபெற்ற பிறகு ஒரே ஒரு நாயை ஒரு ஆட்டோவில் ஏற்ற முடியவில்லை.

நாயின் பெயர் மேனேஜர்.

பெயருக்குக் காரணம் உண்டு. வேலையில் இருந்த காலம் முழுக்க, டெப்போ மேனேஜர் அறிவுச்செல்வன் அறைக்குள் போனால் கிருஷ்ணசாமிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சொல்ல நினைத்த எதையும் சொன்னதில்லை. ஓய்வுபெற்ற வாரத்தில் கிளியனூர் பஸ் நிறுத்தத்தில் மழைக்கு ஒடுங்கிக் கிடந்த ஒரு செவலைக் குட்டியைத் தூக்கி வந்தபோது, சொல்ல விட்டுப்போன எல்லாவற்றுக்கும் ஒரு வழி பிறந்தது. "மேனேஜர், உக்காரு." "மேனேஜர், வாய மூடு." "மேனேஜர், செருப்ப கீழ போடு." மனுஷனின் ரத்த அழுத்தமே குறைந்துவிட்டது. டெப்போ ஆட்கள் காதில் விழுந்தால் வம்பு என்பதால், பழைய சகாக்களிடம் மட்டும் "நாய்" என்று பொதுப்படையாகச் சொல்வார்.

ஆனால் இந்த மேனேஜர் மகா பயந்தாங்கொள்ளி. குடை விரித்தால் கட்டிலுக்கு அடியில். யாராவது தும்மினால் கொல்லைப்புறத்தில். குக்கர் விசில் அடித்த அன்று மூன்று தெரு தாண்டி ஒரு மெக்கானிக் கடை லாரிக்கு அடியிலிருந்து மீட்டு வந்தார்கள். அன்றோடு அந்த வீட்டில் குக்கர் ஓய்வுபெற்றது. மனைவி காந்திமதி இன்றுவரை சோறு வடிக்கிறார். கோயில் மைக்செட்காரரிடம் கெஞ்சி, கூம்பு ஸ்பீக்கரை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்ததில் எதிர்த்தெருக்காரர்கள் கிருஷ்ணசாமியோடு பேசுவதில்லை. தீபாவளி வந்தால் மூன்று நாளைக்கு நாயோடு ஊருக்கு வெளியே நடைதூரத்தில் தங்கை நிலத்து மோட்டார் கொட்டகையில் குடியிருப்பு. நாலு பக்கமும் கரும்பு, நடுவில் இரண்டு ஜீவன்.

"மருமவனுக்குக்கூட நீங்க ஒரு தலைதீபாவளி உருப்படியா செய்யல" என்பார் காந்திமதி.

"மருமவன் வெடிச்சத்தத்துக்குப் பயப்படறானா?" என்பார் இவர்.

இந்த வைகாசியில் மேனேஜருக்கு ஒண்ணுக்கு அடைத்துக்கொண்டது. இரண்டு நாளாகக் காலைத் தூக்கித் தூக்கி நிற்கிறது, ஒன்றும் வரவில்லை. வீட்டுக்கே வந்து பார்த்த கால்நடை டாக்டர் வயிற்றைத் தொட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கல்லு அடைச்சிருக்கு. இன்னைக்கே ஆபரேஷன் பண்ணணும். விழுப்புரத்துல டாக்டர் கலைப்பிரியாகிட்ட ஸ்கேன் இருக்கு, போன் பண்ணிச் சொல்லிட்டேன். மத்தியானத்துக்குள்ள கொண்டு போயிடுங்க. மூத்திரப்பை வெடிச்சுட்டா ஒண்ணும் பண்ண முடியாது."

முப்பத்தெட்டு கிலோமீட்டர். ஆட்டோ வந்தது, ஸ்டார்ட் செய்த சத்தத்துக்கு நாய் அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது. கார் வந்தது, கதவு சாத்திய சத்தத்துக்கு கிருஷ்ணசாமியின் முழங்கையில் நான்கு பல் பதிந்தது. துணியைப் போட்டுப் பிடிக்கப் போனால் மூச்சு வாங்கி நாக்கு நீலம் பாய்ந்தது. "அய்யோ, வுடுங்க, பயத்துலயே பூடும்" என்று காந்திமதி கத்த, அந்தக் கத்தலுக்கும் அது நடுங்கியது. கிருஷ்ணசாமி வாசற்படியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு ஆனந்தராஜ் எட்டிப் பார்த்தான். ஆனந்தராஜ் ஓட்டுவது சொர்க்க ரதம். ஊரிலேயே ஹாரன் அடிக்காத ஒரே வண்டி அதுதான். ஏறுகிறவருக்கும் அவசரமில்லை, ஓட்டுகிறவனுக்கும் அவசரமில்லை. வேலையில்லாத நாளில் அது வேப்பமர நிழலில் கதவு திறந்து நிற்கும். உள்ளே எவர்சில்வர் மேடை ஜில்லென்று இருக்கும். வெயில் காலம் முழுக்க மேனேஜரின் மத்தியானத் தூக்கம் அங்கேதான்.

"மாமா, என் வண்டினா அதுவே ஏறும். சாவு வண்டியாச்சேன்னு உங்களுக்கு மனசு ஒப்பலன்னா..."

"மனசு கெடக்குது. ஜல்தியா கதவத் தொற."

நாய் தள்ளாடிப் போய், தானாக ஏறி, மேடையில் படுத்துக்கொண்டது. பக்கத்தில் கிருஷ்ணசாமி உட்கார்ந்தார். "இதுல ஏறினவங்க யாரும் தானா எறங்குனதில்ல மாமா. இது எறங்கணும், பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு ஆனந்தராஜ் இருபது கிலோமீட்டர் வேகத்தில் கிளப்பினான். அவசரத்தில் கிருஷ்ணசாமியின் போன் டிவி மேலேயே கிடந்தது.

அது அடித்தது. எடுத்தவர் காந்திமதி. அந்தப் பக்கம் தென்னரசு. கிருஷ்ணசாமியின் பஸ்ஸைப் பதினாறு வருஷம் ஓட்டிய டிரைவர், விழுப்புரத்துக்காரர்.

"அண்ணி, அண்ணன் இல்லியா?"

"இல்ல தம்பி. மேனேஜர ஆனந்தராஜ் வண்டில ஏத்திக்கினு விழுப்புரம் வர்றாரு."

தென்னரசுவுக்கு ஆனந்தராஜ் வண்டி என்ன வண்டி என்று தெரியும். "அய்யய்யோ! எப்ப அண்ணி?"

"ரெண்டு நாளாவே முடியல. சோறு தண்ணி எறங்கல, ஒண்ணுக்கும் போவல. இப்பதான் ஏத்துனாங்க. பாக்கவே முடியல தம்பி" என்று அழுதே விட்டார்.

அறிவுச்செல்வன் வீடு விழுப்புரத்தில். மகளைக் கட்டிக்கொடுத்திருப்பது திண்டிவனத்தில். மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் காலமாகி, உடம்பு சொந்த வீட்டுக்கு வருகிறது. இதைப் புரிந்துகொள்ள தென்னரசுவுக்கு அரை நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. வீட்டுக்குப் போன் போட்டு விசாரிக்கலாமே என்றால், இழவு வீட்டாரிடம் "செத்தது நிஜந்தானா" என்று கேட்பது நம் ஊரில் வழக்கமில்லை. வாட்ஸாப்பில் 'டெப்போ குடும்பம்' குழுவில் செய்தி விழுந்தது. பதினோரு நிமிடத்தில் ஐம்பது கும்பிடு. ஒரு மணி நேரத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர் தயார். பணி ஓய்வு விழாவில் எடுத்த கூலிங் கிளாஸ் படம், மேலே இரண்டு புறா, கீழே 'கண்டிப்பின் சிகரமே, கருணையின் கடலே'. கருணை என்ற சொல்லை அந்த மனிதர் மீது முதன்முதலாகப் பிரயோகித்தது அந்த பேனர்காரர்தான்.

இதொன்றும் தெரியாமல் சொர்க்க ரதம் ஊர்ந்தது. வழியெல்லாம் பைக் ஓட்டுபவர்கள் ஒதுங்கினார்கள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் ஒருவர் எழுந்து நின்று கும்பிட்டார். கண்ணாடிக்குள் பிணம் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. கும்பிட்ட கை அப்படியே நின்றுவிட்டது.

விழுப்புரம் கிழக்கு பாண்டி ரோட்டில் டாக்டரின் கிளினிக்குக்கு நூறு அடி முன்னால் ஒரு தெரு பிரிகிறது. அறிவுச்செல்வனின் தெரு. அந்த முனையில் முப்பது வெள்ளைச் சட்டைகள் மாலையோடு நின்றன. ரோட்டின் குறுக்கே பத்தாயிரம் வாலா சரவெடி பாம்பு மாதிரி நீட்டிக் கிடந்தது. தென்னரசு கையில் புகையும் ஊதுபத்தி.

கிருஷ்ணசாமிக்கு மற்றதெல்லாம் கண்ணில் படவில்லை. சரவெடி மட்டும் பட்டது. அது ஒரு தரம் படபடத்தால் நாய் கண்ணாடியில் மோதும். வயிற்றில் நிரம்பி நிற்கும் பை அதோடு சரி. கதவைத் திறந்து குதித்தார். கத்தவும் முடியாது; கத்தினால் நாய் பயப்படும். ஆகவே ஊரையே கூப்பிட வேண்டிய விஷயத்தைக் காதோடு காதாகச் சொன்னார்.

"டேய் தென்னரசு, வெடி வெக்காதடா."

"இன்னாண்ணா இப்புடிச் சொல்ற? முப்பத்தஞ்சு வருஷ சர்வீசு. மரியாத வேணாமா?"

"யாருக்குடா மரியாத?"

"மேனேஜருக்குத்தான்!"

"அது உசுரோடதாண்டா இருக்குது!"

தென்னரசு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "அதுவா? உசுரோட இருக்கற மனுசன இன்னாத்துக்குண்ணா இந்த வண்டில ஏத்துன?"

"வேற எந்த வண்டிலயும் ஏற மாட்டேங்குதே!"

"மேனேஜரா?"

"ஆமாண்டா. ஆட்டோவ பாத்தா கடிக்குது."

"நான் யாரய்யா கடிச்சேன்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

கையில் இரண்டு கட்டு முருங்கைக்கீரையோடு அறிவுச்செல்வன் நின்றுகொண்டிருந்தார். முப்பது பேரும் ஓரடி பின்வாங்கினார்கள். ஒருவர் மாலையைப் போட்டுவிட்டு ஓடப் பார்த்தார். தென்னரசு கையிலிருந்ததை மறந்தார். ஊதுபத்தி திரிக்கு நேராகச் சாய்ந்தது.

"யோவ் தென்னரசு! பத்திய நிமித்திப் பிடி. அப்படியே பின்னால நட" என்றார் அறிவுச்செல்வன்.

நடந்தார். பணியில் இருந்தபோதுகூட அவர் அவ்வளவு ஒழுங்காக ரிவர்ஸ் எடுத்ததில்லை.

பேனரை அறிவுச்செல்வன் மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். பிறகு கிருஷ்ணசாமியைப் பார்த்தார். பழையபடி நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் கண்ணாடிக்குள் நாய் வயிற்றை இழுத்துப் பிடித்து முனகியது. அந்த முனகல் முப்பத்தோரு வருஷ பயத்தைத் தள்ளிவிட்டது.

"சார், நாயி சார். ஒண்ணுக்கு அடைச்சிருச்சி. இப்ப ஆபரேஷன் பண்ணலன்னா பூடும். சத்தம் கேட்டாலே செத்துரும் சார். அதுக்குப் பேரு... மேனேஜர் சார்."

முப்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். அறிவுச்செல்வன் கண்ணாடியருகே குனிந்தார். உள்ளே இருந்தது வெடவெடவென்று நடுங்கியது.

"பேரு என்னுது. சுபாவம் உன்னுதாய்யா?" என்றார். பிறகு திரும்பி, "எல்லாரும் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் நில்லுங்க. நூறு அடி. ஒருத்தன் ஹாரன் அடிக்கக் கூடாது, ஒருத்தன் இருமக் கூடாது. வண்டிய விடுப்பா" என்றார்.

பாண்டி பஸ்ஸே பிரேக் போட்டு நின்றது. மாலையும் கையுமாக முப்பது பேர் வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு பக்கமும் நடந்துவர, இறந்தவரே கீரைக்கட்டோடு வழிவிலக்க, சொர்க்க ரதம் போனது. இவ்வளவு அடக்கமான சவ ஊர்வலத்தை விழுப்புரம் பார்த்ததில்லை என்று பூக்கடை அம்மாள் இரண்டு கை சாமந்தியை விசிறினார்.

டாக்டர் கலைப்பிரியா இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்து, ஒரு கிண்ணத்தில் ஏழு கல்லைக் காட்டினார். "பொழைச்சுக்கிச்சு. இன்னும் ஒரு மணி நேரம் லேட்டா வந்திருந்தா கஷ்டம். பத்து நாளைக்குத் தையல் பிரியக் கூடாது. பயப்படுத்தாதீங்க, முக்கியமா வண்டியில குலுக்காதீங்க." ஆனந்தராஜுக்கு அதற்குள் ஓமந்தூரிலிருந்து நிஜமான சவாரி வந்து அவன் போய்விட்டான். கிருஷ்ணசாமி, மயக்கம் தெளியாத நாயை மடியில் வைத்துக்கொண்டு, திண்டிவனம் வரை தூக்கிக்கொண்டே நடந்தால் எத்தனை மணி நேரம் ஆகும் என்று ஆனமட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"என்னய்யா யோசனை? வீடு நூறு அடிதான். தூக்கிக்கிட்டு வா" என்றார் அறிவுச்செல்வன்.

இப்படியாக, ஆபீஸ் அறைக்குள் இரண்டு நிமிடம் நிற்க முடியாதவர் மேனேஜர் வீட்டு ஹாலில் பாய் போட்டார். அங்கே டிவி ஊமையானது. அழைப்பு மணியின் வயரைப் பெரிய மேனேஜர் தன் கையாலேயே பிடுங்கினார். குக்கரும் அடுப்பைவிட்டு இறங்கியது. ஐந்தாம் நாள் காந்திமதி போன் செய்தார்.

"ஏங்க, எப்பதான் வரப் போறீங்க?"

"மேனேஜர் லீவு தரலடி."

கல்யாணமான நாளிலிருந்து கேட்டுவந்த பதில் என்றாலும், அவருக்கு இந்த முறை ஒரு சந்தேகம் வந்தது. "எந்த மேனேஜரு?"

பாயில் ஒருவர் அவர் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் கீரை ஆய்ந்தபடி, மெதுவாகப் பேசும்படி கையைக் காட்டினார்.

"ரெண்டு பேரும்தான்" என்று கிசுகிசுத்துவிட்டு கிருஷ்ணசாமி போனை வைத்தார்.