ஒரு றாத்தல் படிக்கல்

என் தாய்மாமா நிறுவை அளவை இன்ஸ்பெக்டராகத் திருகோணமலைக்கே மாற்றலாகி வந்தபோது, அம்மா பிள்ளையாருக்கு மூன்று தேங்காய் உடைத்தார். அப்பா மட்டும் கொஞ்சம் யோசித்தார். மூதூருக்கு லாஞ்சிப் படகு புறப்படும் துறைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. மாமா எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, எங்கள் கடை உட்பட எல்லாக் கடைகளின் தராசையும் சோதிக்க வேண்டியவர்.

எங்கள் ஊரில் சாமான் வாங்குவது பல விதம். மீன் கடற்கரையில் ஏலத்தில் போகும். சந்தையில் கத்தரிக்காயைக் கூறு போட்டு வைத்திருப்பார்கள். பிடிக்காவிட்டால் பேரம் பேசலாம், அடுத்த ஆளிடம் போகலாம். ஆனால் சீனியும் பருப்பும் வாங்குகிறவர் கடைக்காரரின் படிக்கல்லை நம்பித்தான் ஆக வேண்டும். லாஞ்சி ஊதிவிட்டால் தராசின் முள்ளைப் பார்க்க யாருக்கு நேரம்? அவர்களுக்காகப் பார்க்கத்தான் சட்டம் தன்னை வைத்திருக்கிறது என்று மாமா சொல்வார். அதைச் சொல்லும்போது மட்டும் சோற்றிலிருந்து கையை எடுத்துவிடுவார்.

எனக்கு ஒன்பது வயது. மாமா சோதிக்க வரும்போது எங்கள் படிக்கற்கள்தான் துறையிலேயே துப்பரவாக இருக்க வேண்டும் என்று நானாகவே தீர்மானித்தேன். மத்தியானம் கடை பூட்டியிருந்த நேரம் அவற்றைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தேங்காய்த் தும்பும் மணலும் போட்டுத் தேய்த்தேன். அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த ஒரு றாத்தல் கல்லின் அடியில் ஒரு குழி. அதற்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ அடைந்துபோய் இருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. ஆணியால் கிண்டி எடுத்துவிட்டேன். அந்தக் கட்டி கடதாசியில் பென்சில் போல எழுதியது. எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மாமா வந்தார். தன் பெட்டியைத் திறந்து, அரசாங்கக் கற்களை ஒரு தட்டிலும் எங்கள் கற்களை மறு தட்டிலும் ஒவ்வொன்றாக வைத்தார். றாத்தல் கல் வைத்ததும் எங்கள் தட்டு மேலே எழும்பியது. மாமா கல்லைத் திருப்பிப் பார்த்தார். சாமான் வாங்க நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"அத்தான், நிறை சரிக்கட்ட அடியில ஊத்தின ஈயத்தைக் காணேல்ல. அதில குத்தின அரசாங்க முத்திரையும் அதோட போயிட்டுது."

எனக்குத் தெரிந்த ஈயம் அம்மாவின் ஈயச்சட்டி மட்டும்தான். நானும் எல்லோரோடும் சேர்ந்து அந்தக் குழியை எட்டிப் பார்த்தேன்.

அப்பா தராசுக்குக் கிட்ட வந்தார். "எப்பிடிப் போனதெண்டு தெரியாது தம்பி. ஆனா கல்லு என்ர கல்லு. நீர் வழக்கை எழுதும்."

மாமா பேனாவைத் திறந்தார், மூடினார், திரும்பத் திறந்தார். பிறகு எழுதினார். கல்லையும் கொண்டுபோனார்.

அன்று மாமா சாப்பிட வரவில்லை. "அக்கான்ர சோத்தைத் திண்டுபோட்டு அத்தானைக் கோட்டுக்கு இழுக்கிறான்" என்று அம்மா குசினி அடுப்படியில் இருந்து அழுதார். நான் மேசையில் அந்தக் கட்டியால் லாஞ்சிப் படம் கீறிக்கொண்டிருந்தேன். அப்பா குனிந்து அதை வாங்கினார். அதில் அழுந்தியிருந்த முத்திரையை விரலால் தடவினார்.

"இது எங்கால பிள்ளை?"

"படிக்கல்லுக்குள்ள இருந்த ஊத்தை அப்பா. நான்தான் எடுத்தனான்."

நல்ல பிள்ளை என்று சொல்வார் எனக் காத்திருந்தேன். அப்பா கட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "கையைக் கழுவிப்போட்டுச் சாப்பிடு" என்றார். அதைப் பிறகு அம்மாவிடம் காட்டியிருப்பார் போல. மறுநாள் மாமா வேலை செய்த கந்தோருக்கு அம்மாவே சோறு கட்டி அனுப்பினார்.

கோட்டில் அப்பா குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டினார். கட்டியை அங்கே எடுத்து வைத்திருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்கள். ஆனால் மச்சானை மச்சான் காப்பாற்றினான் என்று துறை முழுக்கக் கதை வந்திருக்கும். இது எனக்கு விளங்க வெகு காலம் எடுத்தது.

முத்திரை குத்திய புதுக் கல் வந்த பிறகு அப்பா ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டார். லாஞ்சிக்கு ஓடுகிறவர்களை மறித்து, "கல்லு குறைஞ்சிருந்த அந்த மூண்டு நாளில நீங்கள் என்னட்ட வாங்கினனீங்களோ?" என்று கேட்பார். ஓம் என்றாலும் இல்லை என்றாலும், நிறுத்து முடிந்த பையைத் திரும்ப விரித்து ஒரு சிறங்கை சீனி அள்ளிப் போடுவார். மாமாவுக்குப் பயந்துதான் அப்பா இப்படிச் செய்கிறார் என்று அந்த வயதில் நான் நினைத்தேன்.